ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலை ஏறுவதில்லை

குளுவாங், ஜொகூர்.
வியாழக்கிழமை.

அனுப்புநர்: மூர்த்தி, நிர்வாக இயக்குநர், மூர்த்தி வீல் இண்டஸ்ட்ரீஸ்.

பெறுநர்: உயர்திரு சிவசம்பு அவர்கள், ஜொகூர் பாரு.

பொருள்: எங்கள் கம்பெனி வெப்சைட்டில் என்னைப் பற்றி வந்திருக்கும் விவரங்களில் என் பெயரைத் தவிர மற்றவை உண்மை அல்ல என்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மேலே 'சம்பந்தி' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் தாங்களே அழித்துவிட்டு 'ஐயா' என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய இடம் விட்டிருக்கிறேன்.

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியார் நிர்மலாதேவி அம்மாவும் மகன் யுகேந்திரனும் முருகன் துணையால் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி புஷ்பவள்ளியும் நலம். மகள் லோஷினியும் நலமாகத்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள், அதுவும் குறுக்காக. தங்களுக்கு அனுப்பிய பதினோரு வாட்ஸ்அப் செய்திகளுக்கும் நீலக்கோடு விழுகிறது, பதில் வரவில்லை. தாங்கள் வடிகால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் அதிகாரியாக இருந்தவர், எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் மதிப்பவர் என்று யுகேந்திரன் ஒருமுறை சொன்னார். அதனால் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு முறைப்படி எழுதுகிறேன். பிள்ளைகளின் கல்யாணத்துக்குத் தங்கள் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வர வேண்டிய நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் எங்கள் மனிதவளப் பிரிவு ரூபினி. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். நாங்கள் செம்பனைத் தோட்டங்களுக்குக் குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்கிறவர்கள் என்பது தாங்கள் அறிந்ததே. சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர், 'உங்கள் தலைவரைப் பற்றி வெப்சைட்டில் ஒன்றுமே இல்லையே' என்று கேட்டுவிட்டாராம். உடனே ரூபினி நோட்டுப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பாஸ், வேலை முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுக்குப் போவேன்."

"போயி?"

"சாப்பிடுவேன்."

"சாப்பிட்டு?"

"கை கழுவுவேன்."

"அலமாக்! பாஸ், இது வெப்சைட் லா. கை கழுவுறதெல்லாம் போட முடியாது. சரி, லீவு நாள்ல? மீன் பிடிப்பீங்களா? பாட்டு? கோல்ஃப்?"

"லீவு நாள்ல திங்கக்கிழம எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

"உங்க வேல்யூஸ் என்ன பாஸ்? வாழ்க்கையில எத முக்கியமா நெனைக்கிறீங்க?"

நான் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன். "வண்டி கவிழக் கூடாது."

அவள் நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டாள். ரொம்பப் பொறுப்பான பெண். என்னிடமிருந்து ஒன்றும் கிடைக்காததால் ஊரில் உள்ள பெரிய பெரிய கம்பெனித் தலைவர்களின் பக்கங்களை எல்லாம் படித்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பொறுக்கி, ஒரு முழு மனிதனைச் செய்து கொண்டுவந்தாள். 'படிச்சுப் பாருங்க பாஸ்' என்று நீட்டினாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் இடம் எங்கே என்றுதான் தேடுவேன். இதில் அந்த இடமே இல்லை. ஓர் ஓரத்தில் 'ஓகே' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அது வெப்சைட்டில் ஏறிவிட்டது. தாங்கள் அதைப் பிரிண்ட் எடுத்து மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே மறுபடியும் எழுதுகிறேன்:

'எங்கள் தலைவர் திரு. மூர்த்தி விடியலின் நண்பர். ஞாயிறுதோறும் லம்பாக் மலை அவரை அழைக்கிறது, அவரும் மறுப்பதில்லை. மாமிசம் தொடாதவர். ஆர்க்கிட் மலர்களோடு மனம் விட்டு உரையாடுபவர். மெர்சிங் கடலில் தனியாகக் கயாக் வலிக்கும்போதுதான் அவருக்குப் புதிய சக்கரங்களைப் பற்றிய சிந்தனை பிறக்கிறது.'

சம்பந்தி, கயாக் என்பது சாப்பிடும் பொருள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்கே தங்களுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். ஆனால் தாங்கள் முந்திக்கொண்டீர்கள். அதற்கு முன்னால் நாம் இருவரும் ஒரே ஒருமுறைதான் சந்தித்திருந்தோம். லோஷினியும் யுகேந்திரனும் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் பேருந்தில், எல்லைப் பாலத்து நெரிசலில் ஐந்து மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழக்கமாகி, பிறகு நெரிசல் இல்லாத நாளில் வருத்தப்படும் அளவுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்து, தங்கள் வீட்டுக்கு வந்தோம். அன்று தாங்கள் மொத்தமாக நான்கு வார்த்தை பேசினீர்கள். அதில் இரண்டு, 'தேத்தண்ணி குடியுங்கோ'. அப்படிப்பட்டவர் போனில் அரை மணி நேரம் பேசினீர்கள்.

"சம்பந்தி! உங்கட வெப்சைட் பாத்தன். வியாபாரம் செய்யிற ஆக்களுக்கு வேலையத் தவிர வேற நினைப்பே இராது எண்டு பயந்துகொண்டு இருந்தன். நீங்கள் அப்பிடி இல்லை! எனக்கும் பென்சன் எடுத்ததிலேருந்து ஞாயித்துக்கிழமை வந்தா என்ன செய்யிறது எண்டே தெரியேல்லை. இனி எனக்கு ஒரு துணை கிடைச்சிட்டுது. அடுத்த கிழமை சனி ஞாயிறு நான் அங்க வாறன். மலை, பூ, கடல், ஒண்டையும் விடக் கூடாது."

இவ்வளவு சந்தோஷமாகப் பேசும் மனிதரிடம் 'ஐயா, நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதோடு சரி' என்று எப்படிச் சொல்வது? "வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டேன். புஷ்பவள்ளி சமையலறையிலிருந்தே, "உண்மைய சொல்லிருங்களேன், அவங்க என்ன கடிச்சா திங்கப் போறாங்க?" என்றாள். 'மகளோட வாழ்க்கை, நீ சும்மா இரு' என்று அவளை அடக்கினேன். அவளும் அடங்கிவிட்டாள். பொதுவாக அப்படி அடங்குகிறவள் இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். மலை ஏறப் பழகுவதற்காகத் தினமும் சாயங்காலம் தொழிற்சாலையில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் சரிவுப் பலகையில் ஏறி இறங்கினேன். பெயின்ட் அடிக்கும் வெள்ளையம்மாவும் காளியம்மாவும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்கள். "பாஸ், மூச்சு விடுங்க, மூச்ச விடுங்க" என்று வெள்ளையம்மா கத்தியது சாலைவரை கேட்டதாம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தாங்களும் நிர்மலாதேவி அம்மாவும் வந்து இறங்கினீர்கள். தாங்கள் அரைக்கால் சட்டை, புதுத் தொப்பி, புதுச் சப்பாத்து, கழுத்தில் ஒரு விசில் என்று சாரணர் முகாமுக்குப் புறப்பட்டவர் போல நின்றீர்கள். பெண்கள் இருவரும் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொன்னார்கள். மலையடிவாரத்தில் தாங்கள், "ஒவ்வொரு கிழமையும் ஏறுறவர் நீங்கள், முன்னால போங்கோ" என்று வழிவிட்டீர்கள். நான் முன்னால் போனேன். போன பாதை கழிப்பறையின் பின்பக்கத்தில் போய் முடிந்தது. "ஏறுறதுக்கு முந்தி இங்க வந்துட்டுப் போறது என் வழக்கம்" என்று சமாளித்தேன். தாங்களும் மரியாதைக்காக உள்ளே போய் வந்தீர்கள். இதற்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

படிகள் தொடங்கியபின் ஐம்பதாவது படியில் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எண்பதாவது படியில் காது அடைத்தது. தாங்கள் என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆட்டுக்குட்டி மாதிரி தாவிக்கொண்டு போனீர்கள். மூச்சு வாங்குவதற்காக நான் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, 'இந்த மரத்தைப் பாருங்க' என்றேன். பதினேழு மரம் காட்டினேன். தாங்கள் பதினேழையும் பார்த்தீர்கள். பதினெட்டாவது தந்திக் கம்பம் என்பதைத் தாங்கள்தான் சொன்னீர்கள்.

அங்கேதான் குரங்கு வந்தது. என் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து, ஏதோ தபால் பிரிப்பதுபோல் பொட்டலத்தை நிதானமாகப் பிரித்தது. உள்ளே நாசி லெமாக். அதற்குமேல் பொரித்த கோழித் தொடை, ஒன்றல்ல, இரண்டு. வாரம் தவறாமல் சனிக்கிழமை நான் கேட்டு வாங்கும் சாப்பாடு அது. புஷ்பவள்ளி பழக்கதோஷத்தில் கட்டிவிட்டாள். குரங்கு ஒரு தொடையைக் கையில் எடுத்துத் தங்களைப் பார்த்தது. தாங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"இந்தக் குரங்குங்க இப்பல்லாம் ரொம்பக் கெட்டுப் போச்சு சம்பந்தி," என்றேன். "எங்கேருந்துதான் கொண்டு வருதுங்களோ."

தாங்கள் 'சீ, பாவம்' என்று தலையை ஆட்டியபோது எனக்குப் பசி, வெட்கம், கோபம் மூன்றும் ஒன்றாக வந்தன. அதில் பசிதான் அதிகம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இறங்கும்போது தொடையில் தசை பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கே மண் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனது தங்களுக்கு நினைவிருக்கும். அந்த வண்டி நாங்கள் செய்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'கிரீச்' என்றது. வலியை மறந்து, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக் குதித்து இறங்கி, வண்டியைக் கவிழ்த்துப்போட்டு, அச்சில் ஒரு வாஷர் இல்லாததைக் கண்டுபிடித்து, தங்கள் விசிலில் இருந்த வளையத்தைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாளில் நான் நானாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

அன்று மாலை ஆர்க்கிட். முப்பத்திரண்டு தொட்டிகளைத் தெரிந்த நர்சரியில் இரவல் வாங்கி வாசலில் அடுக்கியிருந்தேன். எதற்கும் பெயர் தெரியாது. தாங்கள் சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பூவைக் காட்டி, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டதும் வாயில் வந்தது, 'வெள்ளையம்மா'. பக்கத்தில் இருந்த கரு ஊதாப் பூ காளியம்மா ஆனாள். "எங்க தொழிலாளிங்க பேரத்தான் பூவுக்கு வைக்கிறது சம்பந்தி, அதான் நம்ம வேல்யூ" என்று ரூபினியையே மிஞ்சிவிட்டேன். தாங்கள் கண் கலங்கி அதை நோட்டில் குறித்துக்கொண்டீர்கள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து புஷ்பவள்ளி, "வெள்ளையம்மா, தண்ணி ஊத்துனியா?" என்று குரல் கொடுத்தாள். "பாருங்கோ, உங்கட மனுசியும் பூவோட கதைக்கிறா!" என்று தாங்கள் நெகிழ்ந்தீர்கள். "தேத்தண்ணிக்குத்தானே? ஊத்திட்டேன்க்கா!" என்று பதில் வந்ததும் தாங்கள் இரண்டடி துள்ளிப் பின்னால் போனீர்கள். விருந்தாளிகளுக்குப் பலகாரம் செய்ய அவர்கள் இருவரையும் புஷ்பவள்ளி வரச்சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. என் வீட்டில் நடப்பது எதுதான் எனக்குத் தெரியும்? தட்டோடு வெளியே வந்த வெள்ளையம்மா, தன் பெயரில் ஒரு பூ இருப்பதைக் கேட்டு, "எம் பேருல இதா? வாடிப்போயில்ல கெடக்கு!" என்று சண்டைக்கு வந்தாள். அந்தத் தொட்டியை அவளிடமே கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. நர்சரிக்காரர் இன்றுவரை முப்பத்தொன்றை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'கால் வலிக்கிறது, கடல் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் தாங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் பொய் சொல்லிப் பழகாதவன் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. மெர்சிங்கில் பாக் சாலே என்ற மீனவரை முன்பே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். திட்டம் சாதாரணமானது. அவர் படகின் பின்னால் ஒரு நீளக் கயிறு. அது தண்ணீருக்கு அடியில் வந்து என் கயாக்கின் மூக்கில் கட்டியிருக்கும். அவர் தூரத்தில் மீன் பிடிப்பதுபோல் மெதுவாகப் போக, நான் சும்மா துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். தாங்கள் வாடகைக் கயாக்கில் பின்னால் வருவீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் உயிர்காப்புச் சட்டை இரண்டு போட்டுக்கொண்டேன். 'ஏன் ரெண்டு?' என்று கேட்டீர்கள். 'ஒண்ணு ஸ்பேர்' என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடலில் முதல் கால் மணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. காற்று சிலுசிலுவென்று அடித்தது. தாங்கள் பின்னாலிருந்து, "சக்கரத்தைப் பத்தி யோசனை வருதோ?" என்று கேட்டீர்கள். 'வருது, வருது' என்றேன். அப்போது பாக் சாலேவுக்கு வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டானாம், உடனே மீன் வேண்டுமாம். மனிதர் என்னை அடியோடு மறந்துபோய் எஞ்சினை முழு வேகத்தில் விட்டார்.

சம்பந்தி, அந்த வேகத்தில் நான் என் காரில்கூடப் போனதில்லை. கயாக்கின் மூக்கு வானத்தைப் பார்த்தது. துடுப்பு எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியாது. தாங்கள் விசிலை ஊதி, "அபாரம்! இந்த வயசில! அபாரம்!" என்று கத்தியது காதில் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. தீவுக்குப் போகும் பெரிய படகு ஒன்றைத் தாண்டினேன். அதில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் வேறு வழியில்லாமல் கையை ஆட்டினேன். மீன் இறக்கும் துறையில் பாக் சாலே படகைச் சட்டென்று திருப்பியபோது என் கயாக் மட்டும் திரும்பவில்லை. நேராகப் போய், அங்கே பனிக்கட்டி போட்டு அடுக்கியிருந்த கெம்போங் மீன் பெட்டிகளுக்குள் புகுந்தது. 'மாமிசம் தொடாதவர்' கழுத்துவரை மீனில் உட்கார்ந்திருந்தேன்.

தாங்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் ஓடிவந்து, "அடி பட்டுதோ?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். பிறகுதான் கயிற்றைப் பார்த்தீர்கள். என் கயாக்கில் ஒரு முனையைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி நடந்து, மறுமுனை பாக் சாலேயின் படகில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைக் கீழே வைத்தீர்கள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெர்சிங்கிலிருந்து திரும்பும் வழியெல்லாம் காரில் நானும் தாங்களும் மீன் நாற்றமும்தான். காஹாங் வந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இந்தச் சப்பாத்து போன கிழமைதான் வாங்கினது" என்றீர்கள். அவ்வளவுதான். குரங்கு முன்னால் பட்ட வெட்கமும் மீனுக்குள் பட்ட வெட்கமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையில் செத்துவிட்டேன்.

ஆகவே இப்போது எழுத்தில் தருகிறேன். நான் மலை ஏறுவதில்லை. மாமிசம் சாப்பிடுவேன், கோழி என்றால் அதிகமாகவே. பூவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கடல் என்றால் கரையில் நின்று கால் நனைப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை நான் செய்வது ஒன்றே ஒன்று. ஒருவருக்கும் சொல்லாமல், 'சாமான் வாங்கிட்டு வரேன்' என்று தொழிற்சாலைக்குப் போவேன். பூட்டைத் திறந்து, அந்த வாரம் செய்த வண்டிகளில் ஒன்றை எடுத்து, அதில் கல் ஏற்றி, யாருமில்லாத அந்த வளாகத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவேன். சக்கரத்திலிருந்து சத்தம் வருகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே தள்ளுவேன். சத்தம் வராவிட்டால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷம். என் அப்பா காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் தள்ளிய வண்டி எப்போதும் இடது பக்கம் இழுக்கும். வண்டி இல்லாமல் வெறுமனே நடக்கும்போதும் அவர் இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அந்த வண்டியின்மேல் எனக்கு இன்றுவரை கோபம் போகவில்லை. நாள் முழுக்க ஒரு மனிதன் தள்ளும் பொருள் அவனோடு சண்டை போடக் கூடாது. என்னிடம் கொள்கை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். இதை ரூபினியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தங்களிடம் சொல்ல வெட்கமாக இல்லை. மீன் பெட்டிக்குள் பார்த்துவிட்டவரிடம் இனி என்ன வெட்கம்?

தாங்கள் எதிர்பார்த்த மனிதன் நான் இல்லை. ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நம்பி வந்தவரை ஏமாற்றியது பெரிய தப்பு. அதற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எனக்குக் கொடுங்கள். லோஷினிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெப்சைட்டை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. பாலத்தில் ஐந்து மணி நேரம் நின்றாலும் முகம் சுளிக்காத பெண் நான்கு நாளாக என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அப்பனுடைய கயாக் புரட்டுக்காக அந்தப் பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 'சரி' அல்லது 'இல்லை', ஏதோ ஒன்றை ஒரு வரியில் எழுதினால் போதும். திருப்பி அனுப்ப வசதியாகத் தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன்.

நிர்மலாதேவி அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். யுகேந்திரன் தம்பி எங்கிருந்தாலும், எந்த வரிசையில் நின்றாலும் நன்றாக இருக்கட்டும். தங்களுக்கு நீண்ட ஆயுளும் என்னைவிட நல்ல சம்பந்தியும் கிடைக்க ஆண்டவனை வேண்டும்,

தங்கள் உண்மையுள்ள (இன்று முதல்),
மூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு எழுதுவதால் உறையின் பின்பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது. தபால்காரர் படித்தால் அவரும் மன்னிக்கவும். கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பியபோது புஷ்பவள்ளி, 'அவங்களுக்கு என்னத்த எழுதுனீங்க?' என்று கேட்டாள். சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்குத் தேதி குறித்து, மண்டபம் பேசி முடித்து ஐந்து வாரம் ஆகிறதாம்! ரூபினி என்னைக் கேள்வி கேட்க வருவதற்கும் முன்னால்! சனிக்கிழமை நாம் மலையில் இருந்தபோது புஷ்பவள்ளியும் நிர்மலாதேவி அம்மாவும் கடைவீதியில் சேலை எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் கடலில் இருந்தபோது சமையல்காரரைப் பார்த்திருக்கிறார்கள். வெப்சைட்டைத் தங்களுக்குத் திறந்து காட்டியதே நிர்மலாதேவி அம்மாதானாம். "இந்த ரெண்டு ஆம்பளைங்களையும் எங்கேயாவது அனுப்புனாத்தான் நமக்கு வேல ஓடும்" என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்களாம். தங்கள் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை, என் சம்மதத்தையும் கேட்கவில்லை. லோஷினிக்கு என்மேல் கோபமும் இல்லை. திங்கட்கிழமை கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறாள், வாயைத் திறக்க முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால், அதில் பென்சிலால் எழுதியதைப் பேனாவால் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கதி: வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தாலி பார்க்கப் போகிறார்கள். காலை ஒன்பது மணிக்குமேல் நாம் இருவரும் வீட்டில் இருக்கக் கூடாதாம். எங்கே போவது என்று சொல்லவில்லை. தங்களுக்கு ஏதாவது இடம் தெரியுமா?